நடுங்காத பதில்

பட்டிமன்ற நடுவர் அம்பலவாணன் முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட ஒரு பக்கமாகத் தீர்ப்புச் சொன்னதில்லை. திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடைவிழா என்றால் வில்லுப்பாட்டுக்கு மறுநாள் அவர்தான். இல்லறம் இனிப்பது கணவனாலா, மனைவியாலா என்று இரண்டு அணியும் தொண்டை கிழியக் கத்தி ஓய்ந்த பிறகு, மைக்கைத் தன் பக்கம் இழுப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கூட்டத்தைக் கொஞ்சம் காக்கவைத்துவிட்டு, "வண்டிக்கு எடது சக்கரம் முக்கியமா, வலது சக்கரம் முக்கியமா? அத எங்கிட்ட ஏன் கேக்கிய? இழுக்குத மாட்டல்லா கேக்கணும்!" என்பார். பந்தல் அதிரும். தோற்றவர் என்று எவரும் இல்லாததால் அடுத்த வருடமும் எல்லோரும் சந்தோஷமாக வந்து சேர்வார்கள். 'தீர்ப்புத் திலகம்' என்று ஒரு பட்டம்கூட உண்டு. கொடுத்தது ஒரு பாத்திரக்கடை.

முன்வரிசையில் முதல் கைதட்டல் அவர் மனைவி கோமதியுடையது. அவளைத்தான் அவர் மேடைக்கு மேடை விற்றுக்கொண்டிருந்தார். "எங்க வீட்ல ரெண்டு மிக்ஸி இருக்கு. ஒண்ண நிறுத்தறதுக்கு சுவிட்ச் உண்டு." இந்த இடத்தில் கையை நீட்டி அவளைக் காட்டுவார். ஊரே திரும்பிப் பார்க்கும். அவள் சிரிக்க வேண்டும். சிரித்தாள்.

பிறகு அவருடைய வலது கட்டைவிரல் தானாக ஆட ஆரம்பித்தது. மைக்கைப் பிடித்த கை நடுங்கியபோது, மேடைப் பயம் என்று இளம் பேச்சாளர்கள் கேலி செய்தார்கள். பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொன்னார். நடை சுருங்கியது. வாசற்படி வந்தால் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. முகம் கல்லாகிவிட்டது, சிரிக்கிறாரா, கோபமா என்று தெரியாது. கடைசியாகக் குரல் போயிற்று. ஆயிரம் பேருக்குக் கேட்ட குரலைக் கேட்க, கோமதி இப்போது அவர் வாயருகே காதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

அப்படிக் குனிந்திருந்த ஒரு நாள், சட்டைக்குப் பித்தான் போட்டுவிடும்போது, அவர் சொன்னார்: "அந்த மிக்ஸி கத... ஒனக்கு வலிச்சிருக்கும்லாட்டி."

கோமதிக்கு மூன்றாவது பித்தான் துளையில் ஏறவில்லை. அன்றிலிருந்து அவள் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் குனிந்தே இருக்கப் பழகிக்கொண்டாள்.

*

பாளையங்கோட்டைக்கு வெளியே, மூளைத்தூண்டல் தேர்வு மையம் புதிதாக எழும்பியிருந்தது. மண்டையில் இரண்டு துளை போட்டு, மூளையின் ஆழத்தில் கம்பி இறக்கி, நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேட்டரி வைத்து, விட்டுவிட்டு மின்சாரம் கொடுத்தால் நடுக்கம் அடங்கும். இந்த அறுவைசிகிச்சை பழையதுதான். ஆனால் யாருக்குச் செய்யலாம், யாருக்குக் கூடாது என்று பொறுக்கி எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தப் பொறுக்குதலுக்கென்றே கட்டிய மையம் இது. வாசலில் இயக்குநர் குற்றாலநாதனின் பெயர்ப்பலகை. பெயர் ஒரு வரி. பட்டங்கள் நான்கு வரி. நான்காவது வரி பலகை போதாமல் ஓரத்தில் மடங்கியிருந்தது.

திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருகிறார். வளாகத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். விழாவில் காட்டுவதற்கு முதல் பயனாளி ஒருவர் வேண்டும். நடுங்கிக்கொண்டு உள்ளே போய், நடுங்காமல் வெளியே வந்து, மேடையேறி மைக் பிடித்துப் பேசுகிறவராக இருந்தால் இன்னும் நல்லது. அம்பலவாணனின் பெயரைப் பார்த்ததும் இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஐயா உங்க கேசட் கேட்டு வளந்தவன் நான். ஒங்களத் தேர்வு செய்யறதுல எனக்கு ஒரு சதவீதம்கூட சந்தேகம் இல்ல. தேர்வு மட்டும் பாக்கி."

முதல் இரண்டு கட்டம் முடிந்திருந்தது. மாத்திரையை நிறுத்தி நடக்கவிட்டு, பிறகு மாத்திரை கொடுத்து நடக்கவிட்டுப் பார்த்தார்கள். இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருந்தால்தான் கம்பியும் வேலை செய்யுமாம். பக்கத்து அறையில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் இதிலேயே வீட்டுக்குப் போனார். பெரிய டாக்டர் முன்னால் அவர் அசிங்கமாக ஆடக்கூடாது என்று, அவர் சம்சாரம் காலையில் காப்பியில் ஒரு மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மனிதர் கௌரவமாக நடந்து காட்டினார். மாத்திரைக்குப் பிறகும் அதே கௌரவம். வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று மெஷின் சொல்லிவிட்டது. போகும்போது அந்த அம்மா, "நல்லா நடந்தாருன்னு எல்லாரும் சொன்னாங்க" என்று கோமதியிடம் பெருமைப்பட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது கட்டம்தான் புதுசு.

"இதுக்குப் பேர் முன்னோட்டம்" என்றாள் டாக்டர் பெனிட்டா. தேர்வுக்குழுவில் வயதில் சின்னவள் அவள்தான். நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து பேசுகிறவளும் அவள் மட்டும்தான். "மண்டையத் தொறக்காம, ஒரு தொப்பி போட்டு, வெளியிலருந்தே அந்த எடத்துக்கு மின்சாரம் அனுப்புவோம். அரை மணி நேரத்துக்கு, ஆபரேஷனுக்குப் பொறவு ஐயா எப்படி இருப்பாங்களோ அப்படியே இருப்பாங்க. அதப் பாத்துட்டு முடிவு செய்யலாம்."

"யாரு முடிவு செய்யணும்?"

"ஐயாதான். நீங்க கேக்கணும், அவங்க பதில் சொல்லணும். நாங்க கேட்டா எல்லாரும் 'சரிங்க டாக்டர்'னுதான் சொல்லுதாங்க. எமனே வெள்ளக் கோட்டு போட்டுட்டு வந்து கேட்டாலும் சரின்னுருவாங்க. அதனால வீட்டாளுதான் கேக்கணும்னு விதி வச்சிருக்கு. பதில உறுதிமானி கேக்கும்."

உறுதிமானி என்பது இயக்குநர் வைத்த பெயர்; ஊழியர்கள் மீட்டர் என்றார்கள். மேஜைமேல் வைக்கும் ஒரு கருவி. பதில் சொல்கிறவரின் குரலையும் முகத்தையும் கேட்டுப் பார்த்துவிட்டு, தெளிவான சம்மதம் என்றால் பச்சை, தெளிவான மறுப்பு என்றால் சிவப்பு, தெளிவில்லை என்றால் மஞ்சள் காட்டும்.

"மூணு தடவ கேக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் காத்திருக்கும். மூணும் மஞ்சள்னா தகுதியில்லன்னு பூட்டிரும். முன்னோட்டம் ஒராளுக்கு ஒரு தடவதான்மா. திரும்பப் போட்டா மூள பழகிரும், அப்பொறம் காட்டறது பொய்."

கோமதி கணவனைப் பார்த்தாள். மாத்திரை நிறுத்தி அரைநாள் ஆகியிருந்தது. மர நாற்காலியில் மரம் மாதிரி இருந்தார். கை மட்டும் தனியாக ஏதோ உருட்டிக்கொண்டிருந்தது.

"இவுங்க இப்பமே வேண்டாம்னு சொல்லிட்டா?"

"சம்பிரதாயத்துக்கு ஒருதடவ தொப்பி இல்லாமலும் கேப்போம், அது மூணுல சேராது. ஆனா நடுங்குற கொரல மீட்டர் எடுக்காதும்மா. மாத்திரை இல்லாத நேரத்துல வார பயம் இருக்கு பாத்தீங்களா, அதுவும் நோயோட ஒரு பகுதிதான். அந்தப் பயம் சொல்லுத பதில எப்படி எடுத்துக்க முடியும்?"

"அப்போ தொப்பி போட்டா வாற தைரியம்? அது யாரோட பகுதி?"

டாக்டர் பெனிட்டா ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்து, மறுபடி கழுத்திலேயே போட்டுக்கொண்டாள். "தொப்பி நடுக்கத்த நிறுத்தும். கூடவே உள்ள ஒரு பிரேக்கும் கொஞ்சம் லூசாகும். செய்யவா வேண்டாமான்னு யோசிக்க வைக்கிற பிரேக். சிலபேருக்கு லேசா. சிலபேருக்குக் கூடுதலா. ஐயாவுக்கு எப்படின்னு நாளைக்குத்தான் தெரியும். நான் ஏற்கனவே எழுதிக் குடுத்திட்டேன், இவங்களுக்கு ரொம்பக் கவனமாப் பாக்கணும்னு. டைரக்டர் சார் விழாவுக்கு நாள் குறிச்சிட்டாங்க."

அவள் போன பிறகு, ஜன்னலுக்கு வெளியே பந்தல்காரர்கள் தரையில் கடப்பாரையால் குழி தோண்டும் சத்தம் கேட்டது. இறுகின மண். ணங், ணங் என்று ஒவ்வொரு குத்துக்கும் அம்பலவாணனின் தோள் துள்ளியது. கோமதி ஜன்னலைச் சாத்தினாள். சத்தம் சுவர் வழியாக வந்தது.

அவர் உதடு அசைந்தது. அவள் குனிந்தாள்.

"முழிச்சிருக்கும்போதே... தொள போடுவாங்களாம்."

"மரத்துப்போக ஊசி போடுவாவளாம். வலிக்காதாம்."

"சத்தம் கேக்கும்லா." மூச்சு வாங்கினார். "எனக்குப் பயமா இருக்குட்டி. வேண்டாம்."

முப்பது வருடத்தில் அவர் இப்படி ஒரே சொல்லில் எதையும் முடித்து அவள் கேட்டதில்லை.

"டாக்டரு சொன்னத கேட்டியள்லா. இப்பச் சொன்னா எடுக்க மாட்டாவளாம்."

"நாளைக்கு அந்தத் தொப்பி... போட்ட பொறவு பேசுதவன் நான் இல்ல. அவன் சரின்னு சொல்லுவான். எனக்கு அவனத் தெரியும். மைக்கப் பாத்தா... விடமாட்டான்." அவர் விரல்கள் அவள் புடவை முந்தியைத் தேடிப் பிடித்தன. பிடியும் நடுங்கியது. முந்தியும் நடுங்கியது. "அவன் சொல்லுதத நம்பாத. என்ன விட்ராத."

"விடமாட்டேன்" என்றாள் கோமதி.

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. முகம் மட்டும் அசையாமல் இருந்தது. ஒரு சுவர் அழுவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

*

காலையில் அவருக்குச் சவரம் செய்து, பட்டு ஜிப்பா போட்டு, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனாள். குழு அறையில் ஐந்து பேர். நடுவில் இயக்குநர். ஓரத்தில் டாக்டர் பெனிட்டா. அறுவைசிகிச்சை நிபுணர் ஒருவர், மனநல ஆலோசகர் ஒருவர். ஐந்தாமவர் சமூகப் பிரதிநிதி, ஜவுளிக்கடை முதலாளி, அந்த அறைக்கு ஏசி வாங்கிக் கொடுத்தவர் என்பதால் அதற்கு நேர் கீழே உட்கார்ந்து லேசாகக் கண்ணயர்ந்திருந்தார்.

"முதல்ல சம்பிரதாயக் கேள்வி" என்றார் இயக்குநர். "அம்மா, கேளுங்க."

கோமதி கேட்டாள். "ஆபரேஷனுக்குச் சம்மதமா?"

அம்பலவாணன் வாயைத் திறந்தார். தாடை ஆடியது. "வே... வே..." எச்சில் வழிந்தது. "வேண்... டாம்."

அறையில் எல்லோருக்கும் கேட்டது. மீட்டரில் மஞ்சள் எரிந்தது.

"பாத்தீங்களா, பதில் இல்ல" என்றார் இயக்குநர் அன்போடு.

"வேண்டாம்னாவளே!"

"அது அவர் சொல்லலம்மா. நோய் சொல்லுது." ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் குனிந்து சொன்னார். "நோயோட விருப்பத்தக் கேட்டு நாம வைத்தியம் பாக்க முடியுமா?"

"அப்ப நான் சொல்லுதேன், வேண்டாம்."

"வீட்டார் மறுப்பு செல்லாதும்மா. சொத்துக்கு ஆசப்பட்டு அப்பா நடுங்கிக்கிட்டே கெடக்கட்டும்னு நெனைக்கிற பிள்ளைங்கல்லாம் இருக்காங்க. ஒங்களச் சொல்லல. பொதுவாச் சொல்றேன்."

தொப்பி பார்க்கச் சாதாரணமாக இருந்தது. நீச்சல் தொப்பி மாதிரி ரப்பர், அதில் வெள்ளைப் பொட்டு பொட்டாகச் சில்லுகள். அதை அவர் தலையில் மாட்டும்போது அம்பலவாணனின் கண்கள் கோமதியைத் தேடின. அசையாத அந்த முகத்தில் கண் மட்டும் இடமும் வலமும் ஓடியது. அவள் முன்னால் வந்து நின்றாள். பார்வை அவளிடம் வந்து நின்றது. டாக்டர் பெனிட்டா ஒரு குமிழைத் திருகினாள்.

முதலில் கட்டைவிரல் நின்றது.

அது நின்ற அமைதி கோமதிக்குக் காதில் கேட்டது. பிறகு கை. பிறகு தாடை. முகத்தில் யாரோ உள்ளேயிருந்து ஒவ்வொரு விளக்காகப் போட்டுக்கொண்டு வருவதுபோல் புருவம் ஏறியது, கன்னம் அசைந்தது, உதடு ஒரு பக்கமாக வளைந்தது. அவர் எழுந்து நின்றார். யாரும் பிடிக்கவில்லை. ஜிப்பாவை இழுத்து நேராக்கிக்கொண்டார்.

"என்னய்யா எல்லாரும் பேயப் பாத்த மாதிரி பாக்கிய?"

அந்தக் குரல். ஆறு வருடமாக வீட்டில் இல்லாத குரல். கோமதியின் கண் நிறைந்துவிட்டது. இவரை, நிமிர்ந்து நிற்கும் இந்த மனிதரை, எத்தனை நாள் சாமியிடம் கேட்டிருப்பாள். கேட்டதெல்லாம் இதோ நிற்கிறது. அவள் ஓரடி முன்னால் வைத்தாள்.

வெளியே மைக் செட்காரர், "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்" என்றார்.

அம்பலவாணனின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. "எக்கோ கூடுதலா இருக்கு, கொறைக்கச் சொல்லுங்க. அமைச்சர் எத்தன மணிக்கு வாராரு? நான் ஒரு அரை மணி பேசுனாப் போதும்லா?"

"தாராளமா ஐயா!" இயக்குநர் பூரித்துப்போனார்.

"இவா என்ன கண்ணக் கசக்குதா?" அவர் கோமதியைக் காட்டிக் குழுவைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல, புருசன் பேச ஆரம்பிச்சிட்டானேன்னு கவல. இனிமே அவளுக்கு வாய்ப்பு கெடைக்காதுல்லா."

குழு சிரித்தது. ஜவுளிக்கடை முதலாளி விழித்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்தார்.

"இங்க பாருங்க, ஒரு வேடிக்க சொல்லுதேன்" என்றார் அம்பலவாணன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மேடையில் சாய்கிற மாதிரியே சாய்ந்தார். "நேத்து சாயங்காலம் எங்க ரூம் நாற்காலில ஒருத்தன் இருந்தான். இவா முந்தியப் பிடிச்சிக்கிட்டு 'பயமா இருக்குட்டி, வேண்டாம்ட்டி, என்ன விட்ராதட்டி'ன்னு அழுதான். நல்லா நெனவு இருக்கு எனக்கு." வாயைக் கோணி, தாடையை ஆட்டி, "வே... வே..." என்று நடித்துக் காட்டினார். அச்சாக அதே மாதிரி இருந்தது. "அந்த ஆளக் கேட்டா எந்தக் காரியமாவது நடக்குமாய்யா? அவன விட்டுத் தள்ளுங்க. என்னக் கேளுங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் பெனிட்டா தரையைப் பார்த்தாள். கோமதிக்கு இவர் அந்நியர் இல்லை. இவரை அவளுக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடம் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியது இவருக்குத்தான். இவர் நேற்றைய மனிதரைக் கொல்லக் கையொப்பம் கேட்டு நிற்கிறார். கேள்வி கேட்க வேண்டியவளோ அவள்.

"நேரம் போகுதும்மா. கேளுங்க" என்றார் இயக்குநர்.

'சம்மதமா' என்று கேட்டால் 'சம்மதம்' என்று வரும். அடுத்த மூச்சில் பச்சை. வெளியே கடப்பாரை ஒரு குத்து குத்தியது.

கோமதி கையைக் கூப்பினாள்.

"நடுவர் அவர்களே."

அம்பலவாணன் சட்டென்று நிமிர்ந்தார்.

"நம்மோட இன்னைய தலைப்பு: மூள ஆபரேஷன் தேவையா, தேவையில்லையா. தேவைங்கிற அணி பேசிட்டாவ. தேவையில்லங்கிற அணி நேத்தே பேசிட்டாவ. நடுவர் அவர்கள் தீர்ப்பு என்ன?"

சொல்லிவிட்டு, அவளே முதலில் கைதட்டினாள். கைதட்டல் ஒரு தொற்று. மனநல ஆலோசகர் தட்டினார். ஜவுளிக்கடை முதலாளி பலமாகத் தட்டினார்.

அம்பலவாணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஜிப்பா நுனியால் துடைத்தார். கூட்டத்தைக் காக்கவைத்தார்.

"தேவைங்கிற அணி சொன்னது என் அறிவத் தொட்டிச்சி. தேவையில்லங்கிற அணி சொன்னது என் நெஞ்சத் தொட்டிச்சி. இப்ப வண்டிக்கு எடது சக்கரம் முக்கியமா, வலது சக்கரம் முக்கியமா? அத எங்கிட்ட ஏன்யா கேக்கிய? இழுக்குத மாட்டல்லா கேக்கணும்!"

சிரிப்பு. மஞ்சள்.

"ஐயா, ஐயா" இயக்குநர் எழுந்தார். "பிரமாதம். ஆனா ஆமா, இல்லன்னு ஒத்த வார்த்தைல சொல்லிட்டீங்கன்னா..."

"ஒத்த வார்த்தைலயா?" அம்பலவாணனுக்குக் கோபம் வந்தது. "நடுவரப் பாத்து ஆமா, இல்லன்னு சொல்லச் சொல்லுதது எந்த ஊர் மரபு? மூணு மணி நேரம் பேசின பிள்ளைங்க மனசு நோகாதா?"

"நடுவர் அவர்களே, இறுதித் தீர்ப்பு?" என்றாள் கோமதி.

அவர் இன்னும் விரிவாகப் போனார். மின்சாரம் இல்லாமல் விளக்கு உண்டா, திரி இல்லாமல் விளக்கு உண்டா என்று ஆரம்பித்து, எங்கெங்கோ சுற்றி, இரண்டு அணிக்கும் பொன்னாடை போர்த்தச் சொல்லி முடித்தார். பிரேக் இல்லாத வண்டி தெரிந்த பாதையில்தான் ஓடும். மஞ்சள்.

டாக்டர் பெனிட்டா கோமதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. காட்டிக்கொடுக்கவில்லை.

இயக்குநர் மேஜையைச் சுற்றி வந்து அம்பலவாணன் காதில் ஏதோ சொன்னார். அமைச்சர், மேடை, மைக் என்ற சொற்கள் கோமதிக்குக் கேட்டன. அம்பலவாணன் மீட்டரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். கண் சுருங்கியது.

"ஏட்டி. என்ன வெளையாட்டு காட்டுத நீ? கேளு, ஒழுங்காக் கேளு. நேராச் சொல்லுதேன்."

வேறு வழியில்லை. "ஆபரேஷனுக்குச் சம்மதமா?" என்றாள். மீட்டரின் ஒரு நிமிடம் ஓட ஆரம்பித்தது. அவர் மூச்சை இழுத்து, வாயைத் திறந்தார். அவளிடம் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைக் கொடுக்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. கொடுத்தாள்.

"அதுக்கு முந்தி, அந்த மிக்ஸி கதையச் சொல்லுங்க. இவுங்க யாரும் கேட்டதில்லல்லா."

திறந்த வாய் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அதன் ஓரம் வளைந்தது.

"கேட்டதில்லையா? அடப் பாவமே. எங்க வீட்ல ரெண்டு மிக்ஸி இருக்குய்யா..."

கையை நீட்டி அவளைக் காட்டினார். ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜவுளிக்கடை முதலாளி தொடையில் அடித்துச் சிரித்தார். கோமதியும் சிரித்தாள். அவர் அடுத்ததற்குப் போனார், கிரைண்டர், அதற்கடுத்து மாமியார். இயக்குநர் மட்டும் சிரிக்காமல், "ஐயா, நேரம், ஐயா" என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

மஞ்சள். மீட்டர் 'க்ளிக்' என்று பூட்டிக்கொண்டது.

*

தொப்பியை எடுத்ததும் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போயின. கன்னம், புருவம், தாடை, கை. கடைசியில் கட்டைவிரல் மறுபடி உருட்ட ஆரம்பித்தது. அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இயக்குநர் அடுத்த பெயரைத் தேடச் சொல்லிக்கொண்டே வெளியே போனார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். டாக்டர் பெனிட்டா கோமதியின் தோளை ஒருதடவை தொட்டுவிட்டு, ஓரமாக நின்று வயர்களைச் சுற்ற ஆரம்பித்தாள்.

கோமதி அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். கழன்றிருந்த பித்தானைப் போட்டாள். அவளுக்குள் ஒரு பெரிய நிம்மதி இறங்கியது. அது இறங்கிக்கொண்டே போன ஆழம் அவளைப் பயமுறுத்தியது. வாக்குக் கொடுத்ததால்தான் செய்தேன் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். அந்தக் குரலும் நடுங்கியது.

அவர் உதடு அசைந்தது. அவள் குனிந்தாள்.

"வேணும்."

"என்னது? தண்ணியா?"

"அது." அவர் கண் மேஜைமேல் கிடந்த தொப்பியைக் காட்டியது. "அது... வேணும்ட்டி. இன்னொரு தடவ... கேளு."

"நேத்து வேண்டாம்னு அழுதியளே. அவன நம்பாதன்னு நீங்கதான சொன்னிய."

"நேத்து..." மூச்சு வாங்கினார். நெடுநேரம் ஆயிற்று அடுத்த சொல் வர. "நேத்து எனக்கு... தெரியாதுல்லா. எந்திரிச்சி நின்னேம்லா. நீ... பாத்தியா?"

"பாத்தேன்."

"கேளு."

அவர் முகத்தைப் பார்த்தாள். கோபமா, கெஞ்சலா, அவளை மன்னிக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. கல். கோமதி முழங்காலிட்டு உட்கார்ந்து, அவர் இரண்டு கையையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, இந்தத் தடவை நடுவர் என்று கூப்பிடாமல், தலைப்பு எதுவும் வைக்காமல் கேட்டாள்.

"ஆபரேஷனுக்குச் சம்மதமா?"

"ச..." தாடை ஆடியது. "ச... ம்... சம்..."

டாக்டர் பெனிட்டா வயரைச் சுற்றுவதை நிறுத்தியிருந்தாள். யாரும் இன்னும் மீட்டரை அணைக்கவில்லை. அதன் மஞ்சள் வெளிச்சம் பட்டு ஜிப்பாமேல் விழுந்திருந்தது.

"...மதம்" என்றார் அம்பலவாணன்.

வெளியே மைக் செட்காரர், "ஹலோ, ஹலோ" என்றார். சற்று நின்று, திருப்தியாக, "ஆங், இப்ப தெளிவாக் கேக்குது" என்றார்.